தும்மல் மாத்திரை

அன்னக்கிளியிடம் எப்போதும் ஒரு கேள்வி தயாராக இருக்கும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரே ஒருமுறை, "கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன் தாயி" என்று கும்பிட்டுவிட்டார்.

அவளுடைய அப்பா மூக்காண்டிக்கு விசைத்தறிக் கூடத்தில் ராத்திரி ஷிப்ட். பஞ்சுத் தூசியால் ஓயாத தும்மல். டாக்டரிடம் காட்டி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்தார். தும்மல் நின்றது. ஆனால் மாத்திரை போட்ட இரண்டு ராத்திரியும் ஓடுகிற தறிக்கு முன்னால் தூங்கி விழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவை தூங்குனா வேலைக்கு வராதேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

"வேலை கிடக்கட்டும். தறியில கை மாட்டியிருந்தா?" என்று அம்மா அழுதுவிட்டாள்.

அன்னக்கிளிக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் தூங்காத அப்பா இப்போது மட்டும் ஏன் தூங்குகிறார்? மாத்திரை உறையை எடுத்துப் பார்த்தாள். 'இரவு 1' என்று எழுதியிருந்தது.

"எப்பப்பா முழுங்குனிய?"

"ஷிப்டுக்குப் போகும்போதுதான். ராத்திரின்னுதானே போட்டிருக்கு?"

அவள் உறையோடு மருந்துக்கடைக்கு ஓடினாள்.

கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் தங்கசாமி அண்ணாச்சி சீட்டை வாங்குவார், மாத்திரையை எண்ணுவார், உறையில் எழுதி நீட்டுவார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார். புளியங்குடி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வேறு அவசரப்படுத்துவார்கள்.

"அண்ணாச்சி, இதைத் தின்னா தூக்கம் வருமா?"

"வரும். அதான் ராத்திரி போடச் சொல்லுதது. அடுத்து யாரு?"

"ராத்திரி முழுக்கத் தறி ஓட்டுதவுக எப்பப் போடணும்?"

எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. தங்கசாமி நிமிர்ந்தார்.

"தறி ஓட்டுதது யாரு?"

"எங்கப்பா."

"அதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே அண்ணாச்சி!"

கூட்டம் சிரித்தது. தங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "சீட்டுல உள்ளதைக் குடுக்கதுதான் ஏட்டி என் வேலை. ஊர்க்கதை கேக்கவா கடை வச்சிருக்கேன்?"

"ஊர்க்கதை இல்ல அண்ணாச்சி. எங்கப்பா கை" என்றாள் அன்னக்கிளி.

தங்கசாமி உறையை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் இருந்த டாக்டரிடம் போனார். திரும்பி வந்து 'இரவு' என்பதை அடித்துவிட்டு, 'தூங்கப் போகும்போது' என்று எழுதினார்.

"காலையில வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டுப் படுக்கும்போது ஒண்ணு. தறிக்குப் போகுமுன்ன தொடவே கூடாது. டாக்டரும் அதான் சொன்னாரு. உங்கப்பாட்ட நான் கேட்டிருக்கணும் தாயி."

அடுத்து நின்ற கதீஜம்மாள் சீட்டை நீட்டினாள். அவர் எண்ணத் தொடங்கி, நிறுத்தினார்.

"நீங்க எப்பம்மா தூங்குவிய?"

"அதை எதுக்கு வே கேக்கீரு?" என்று அந்த அம்மாள் திகைத்துப் போனாள்.

நான்கு நாள் கழித்து அன்னக்கிளி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கடை நிறையக் கூட்டம். அதற்கு நடுவிலிருந்து தங்கசாமி எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ஏட்டி! அப்பா தூங்குதாவளா?"

"நல்லாத் தூங்குதாவ அண்ணாச்சி. வீட்டுலதான்!"