‘வர்றேன்’ என்று ஒரு விசில்

அன்று விசில் கால் மணி நேரம் முன்னதாகவே வந்தது.

அடுப்பில் தேயிலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஷாஹினா அதை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். இரண்டு சுரம். முதலாவது தாழ்ந்து, இரண்டாவது இழுத்துக்கொண்டு மேலே ஏறி, முடிகிற இடத்தில் கொஞ்சம் உடையும். புரோத்ராபூரில் அப்படி விசில் அடிக்கிற ஒரே ஆள் அவள் கணவர் நௌஷாத். அவர் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் ஆகிவிட்டன.

முதல் தடவை கேட்டபோது அவள் கையிலிருந்த பாத்திரம் விழுந்து நெளிந்தது. மகள் ஜஸ்னாதான் அவளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினாள். “அது துடுப்பு வால் கரிச்சான் குருவிம்மா. எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும்னு வாப்பாதானே நமக்குக் காட்டிக் கொடுத்தாரு? அவரோட விசிலையும் கத்துக்கிச்சு, அவ்ளோதான்.” சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அதற்குப் பிறகு தினமும் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பாக்குத் தோட்டத்துக்கு அப்பால் நிற்கும் படாக் மரத்தின் உச்சியிலிருந்து விசில் வந்தது. கணவனை இழந்தவள் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்க வேண்டிய இத்தா நாட்கள். ஷாஹினாவுக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்த ஜன்னல்தான். அங்கே நின்று, ஒரு நாள் தவறாமல், அவளும் பதில் விசில் கொடுத்தாள்.

இன்று விசில் மரத்து உச்சியிலிருந்து வரவில்லை. கீழே, தரையோடு தரையாக எங்கிருந்தோ வந்தது.

காலையில்தான் இத்தா முடிந்திருந்தது. வந்த உறவுக்காரப் பெண்கள் பிரியாணியைச் சாப்பிட்டு, ‘மனசைத் தேத்திக்கங்க’ என்று வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, மதிய பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மனதை எந்தக் கடையில் வாங்கித் தேற்றுவது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஜஸ்னா அபர்டீன் பஜாரில் வாப்பாவின் குடைக்கடையைத் திறக்கப் போயிருந்தாள். ஷாஹினா அடுப்பை அணைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள்.

பதினோரு வருடம் அவர்கள் இருவரும் நடந்த பாதை அது. மூன்று மணிக்கெல்லாம் கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு நௌஷாத் ஓடி வந்துவிடுவார். பாய்க்குக் குருவிப் பைத்தியம் என்று பஜாரே சிரித்தது. ஒன்றரை மைல் நடக்க இரண்டு மணி நேரம் ஆகும்; பத்தடிக்கு ஒரு தரம் நிற்கிற ஆளோடு நடந்தால் வேறென்ன ஆகும்? மரகதப்புறா தலையை ஆட்டிக்கொண்டு குறுக்கே நடக்கும். புள்ளிமான் காதைத் திருப்பும். ஓடையோரம் நீருடும்பு பெரிய மனிதனைப் போல வெயில் காயும். அவர்களுக்கென்று இரண்டே சட்டங்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பிராணிகள் மிரளும். யார் முன்னால் போனாலும், எதையாவது பார்த்தால் இரண்டு சுரம் விசில்: ‘சத்தமில்லாம வந்து பார்.’ மற்றவர் ஒற்றை விசில் கொடுப்பார்: ‘வர்றேன்.’ ஷாஹினாவுக்கு முன்பல்லில் இடைவெளி. முதலில் காற்று வரும், பிறகுதான் சத்தம் வரும். அவர் அதை வைத்தே அவளை ஆயிரம் முறை கேலி செய்திருக்கிறார்.

கடைசி நாளில் அவள் அவரோடு போகவில்லை. அவளுடைய தங்கை மகள் கல்யாணத்துக்குத் தீவிலிருந்து மெயின்லேண்ட் போக எடுத்திருந்த கப்பல் டிக்கெட்டை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் முதல் வாரத்தில் வடக்கேயிருந்து பறவைகள் வந்து இறங்கும், அதை விட முடியாதாம். குருவிக்காகக் கல்யாணத்தை விட்ட மனிதன் உலகத்தில் உண்டா? மூன்று நாள் பேசவில்லை அவள். அன்று மீன் அலசிக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது. இருக்கட்டும், சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்தாள். இரண்டாம் முறை கேட்டது. குழாயை இன்னும் வேகமாகத் திறந்தாள். மூன்றாம் முறை மிகவும் மெல்லிசாக இருந்தது.

இருட்டிய பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் தங்கையாதான் அவர் உடலைக் கீழ்வயல் சேற்றில் கண்டுபிடித்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஒற்றை விசில். அதைக் கொடுக்க ஒரு மூச்சுதான் ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சை அவள் தரவில்லை.

தோட்டத்து வேலியோரம் தங்கையா காய்ந்த பாக்கு மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“பாய் வீட்டம்மா, இன்னைக்குத்தான் வெளிய வர்றீங்களா? ஜல்தி திரும்பிருங்க. ஐஞ்சரைக்கெல்லாம் அந்தேரா ஆயிடும், கண்ணு தெரியாது. கீழ்வயல் பக்கம் மட்டும் வேணாம்.”

“அண்ணே, அன்னைக்கு அவரு ஏன் பாதையை விட்டு இறங்கினாரு?”

தங்கையா கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அதான் எனக்கும் சமஜ் ஆகல. நெஞ்சுவலின்னா வீட்டுப் பக்கம்தானே ஒரு மனுஷன் வருவான்? பாயோட கால்தடம் நேரா சேத்துக்குள்ள போயிருந்துச்சு. யாரோ கூப்பிட்டு, அவங்களைப் பாக்கப் போற மாதிரி.”

பாதை அவள் நினைத்ததைவிடக் குறுகியிருந்தது. மிதிக்க ஆளில்லாமல் இரண்டு பக்கமும் புல் வளர்ந்து நடுவில் கை கோத்திருந்தது. பெரிய நத்தைகளின் ஓடுகள் காலடியில் நொறுங்கின. அழுகிய இலையும் ஈர மண்ணும் தொலைவிலிருந்து உப்புச் சேறும் கலந்த வாசனை, மழை நின்ற பிறகும் காயாத துணியின் வாசனை போல, மூக்கைவிட்டுப் போக மறுத்தது. செண்பகப் பறவை ஒன்று புதருக்குள் உம் உம் என்று முனகியது. ஓடையோரம் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷத்தில் அவளுடைய உதடுகள் விசிலுக்குக் குவிந்தன. ‘இங்க பாருங்க’ என்று சொல்லத் திரும்பினாள். பின்னால் காலிப் பாதை. அங்கேயே நின்று, முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மீன்கொத்தி பறந்துபோனது.

படாக் மரத்தடிக்கு வந்தபோது வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறிவிட்டது. கரிச்சான் அங்கே இருந்தது. கைக்கு எட்டுகிற தாழ்ந்த கிளை. வாலின் நீண்ட இரண்டு கம்பிகளும் அசையாமல் தொங்கின. ஷாஹினாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இத்தனை நாள் அவருடைய குரலைச் சுமந்துகொண்டிருந்த ஜீவன் இதுதான்.

“சொல்லு,” என்றாள் மெதுவாக. “ஒரு தடவை சொல்லு.”

விசில் வந்தது. இரண்டு சுரம், கடைசியில் அந்த உடைசல்.

கரிச்சானின் அலகு மூடியிருந்தது.

அது அவளைப் பார்க்கவில்லை. இறகையெல்லாம் உடம்போடு ஒட்டவைத்து, கழுத்தை நீட்டி, கீழ்வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. செண்பகத்தின் முனகல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. சில்வண்டின் இரைச்சலும் நின்றிருந்தது. இரண்டாம் முறை விசில் வந்ததும் கரிச்சான் கிளையை விட்டு எழும்பி, ஒரு சத்தமும் போடாமல், மலைப் பக்கம் போய்விட்டது.

கீழ்வயல் என்பது பேருக்குத்தான். சுனாமி வருடத்தில் கடல் ஏறி உப்பாகிப்போன நிலம். பிறகு யாரும் நடவில்லை. இப்போது அங்கே சேறும் கண்டல் செடிகளும்தான். அவற்றின் வேர்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் எங்கிருந்தோ மூன்றாம் முறையும் விசில் வந்தது. மிகவும் மெல்லிசாக. அன்றைக்கு வந்த அதே மெல்லிய விசில்.

ஷாஹினாவுக்குப் புரியத் தொடங்கியது. இது ஏதோ ஒரு விசில் அல்ல. அந்த நாள். அந்த நாளை முதலிலிருந்து அப்படியே திருப்பிச் சொல்கிறது எதுவோ. இதோ, மூன்றாவது விசிலுக்குப் பிறகு அவர் மூச்சு வாங்குகிறார். மாடி ஏறியவர் போல. செருப்பு புல்லில் உரசுகிறது. அவர் ஊன்றி நடக்கிற கைத்தடி கீழே விழுகிறது. மறுபடி மூச்சு.

பிறகு ஒற்றை விசில்.

முதலில் காற்று. பிறகு சத்தம்.

அவளுடைய விசில். அன்று அவள் கொடுக்காத விசில்.

“யா அல்லாஹ்,” என்றாள். அவளுக்குத் தன் குரல் கேட்கவில்லை. அன்று யாரோ பதில் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடம் அவர்கள் இருவரும் சிரித்து, விசிலடித்து, நின்று நின்று நடந்ததை எல்லாம் அந்தச் சேற்றிலிருந்து ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் வந்துவிட்டாள் என்று நம்பித்தான் அவர் பாதையை விட்டு இறங்கினார். வலிக்கிற நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கோபம் தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் அதனிடம் போயிருக்கிறார்.

ஓடியிருக்க வேண்டும். தங்கையாவின் வேலி கூப்பிடு தூரம்தான். அவளுக்கும் அது தெரியும்.

“ஷாஹி...”

அவருடைய குரல். பாதையில் ஒரு நாளும் சொல்லாத பேர். சாகிற மனிதன் சட்டம் பார்ப்பானா? “ஷாஹி... வந்துட்டியா?”

இது அவரில்லை. அவரை அடக்கம் செய்ய அவளே கைப்படக் கஃபன் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவரில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் காலை எடுத்து வைத்தாள். ஒரு தடவை வராமல் இருந்தாயிற்று. இன்னொரு தடவை வராமல் இருக்க அவளால் முடியாது.

“வந்துட்டேங்க,” என்றாள்.

சேறு கணுக்காலைப் பிடித்தது. பிறகு முழங்காலை. செருப்புகள் உள்ளேயே போய்விட்டன. பத்தடி, பதினைந்தடி. வேர்களைப் பிடித்துப் பிடித்துப் போனாள். இடுப்புவரை இறங்கியபோது சத்தமெல்லாம் நின்றது. அங்கே யாரும் இல்லை. கறுத்த தண்ணீர் மட்டும்.

காலை உருவப் பார்த்தாள். வரவில்லை.

அவளுக்கு இடது பக்கம் தண்ணீர் மெல்ல விலகியது. ஏதோ அவளைக் கடந்து போனது. பாதையின் பக்கமாக. பழைய சேற்றின் நாற்றம், அதற்குள் அவள் தலையில் தடவுகிற அதே தேங்காய் எண்ணெயின் வாசனை.

பாதையில் வெளிச்சம் ஒன்று ஆடியது. செல்போன் டார்ச்.

“உம்மா! உம்மா, எங்க இருக்கே?”

ஜஸ்னா. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருக்கிறாள்.

வராதே. ஓடு. ஷாஹினாவின் வாய் திறந்தது. குரல் இல்லை. தொண்டையில் வெறும் காற்று.

பாதையோரப் புல்லுக்குள்ளிருந்து ஒற்றை விசில் எழுந்தது. முதலில் காற்று, பிறகு சத்தம்.

“இங்கயா இருக்கே!” வெளிச்சம் அங்கே திரும்பியது. “என்னம்மா இது, செருப்புகூட இல்லாம? முதல் நாளே இங்க வந்து உக்காரணுமா? தங்கையா மாமா சொல்லலேன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?”

ஒரு பெண் குந்தியிருக்கும் உயரத்தில் அது இருந்தது. தலை குனிந்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜஸ்னா தன் துப்பட்டாவை எடுத்து அதன் தோளில் போர்த்தினாள். அழுதுகொண்டே போர்த்தினாள்.

“பேச மாட்டியா? பரவால்லை. நாலு மாசமா எங்க பேசினே? வா, கையைக் குடு.”

அது கையைக் கொடுத்தது.

ஷாஹினா உதடுகளைக் குவித்தாள். விசில் வரவில்லை. மறுபடி குவித்தாள். காற்று வந்தது. பிறகு, எப்படியோ, சத்தம் வந்தது.

ஜஸ்னா நின்றாள். திரும்பி இருட்டைப் பார்த்தாள். வெளிச்சம் கண்டல் செடிகளின் மேல் ஓடி, ஷாஹினாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, திரும்பிப் போனது.

“கேட்டியாம்மா?” என்றாள் ஜஸ்னா. நாலு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். “அந்தக் கரிச்சான் இப்ப உன்னை மாதிரியே அடிக்குது.”

இருவரும் பாதையில் ஏறினார்கள். அது எடுத்து வைத்த முதல் அடி தப்பாக இருந்தது, முட்டி பின்பக்கமாக மடங்கியது. இரண்டாவது அடியும் அப்படித்தான். மூன்றாவது அடியில், இடுப்பு வலி வந்ததிலிருந்து ஷாஹினா நடக்கிறாளே, வலது காலைச் சற்று இழுத்து இழுத்து, அதேபோல நடக்கத் தொடங்கியது. மகள் அதற்காகத் தன் நடையை மெதுவாக்கிக்கொண்டாள்.