நான்காவது ஊதல்

மாணிக்கராஜ் மூன்று முறைதான் ஊதினார். நான்காவதாகவும் ஒரு ஊதல் கேட்டது.

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த ஞானசுந்தரி கையை நிறுத்தினாள். புருஷன் ஊதுவது அவளுக்கு மனப்பாடம். திணறி ஒரு இழுப்பு, புஸ்ஸென்று ஒரு ஊதல், அப்புறம் குடலைப் பிடுங்குகிற இருமல். மூன்று தடவையும் அப்படியே நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு, இருமலே இல்லாமல், நீளமாக, வலுவாக இன்னொன்று. அப்படி ஊதுகிற நெஞ்சு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

எட்டிப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊதுகிற குழாய், கைக்கு எட்டாத தூரத்தில், டிரங்குப் பெட்டியின் மேல் கிடந்தது.

ராபர்ட்சன்பேட்டை டாக்டர் அந்தக் குழாயைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. உள்ளங்கையில் பிடிக்கிற வெள்ளை பிளாஸ்டிக். வாய் வைத்து ஊதினால் பக்கத்தில் உள்ள சிவப்பு முள் மேலே ஏறி ஒரு எண்ணில் நிற்கும். விரலால் தள்ளினால்தான் கீழே இறங்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் மூன்று தரம் ஊதி, அதில் பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நூற்றைம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில் கல் தூசி தின்ற நெஞ்சுக்கு டாக்டர் போட்ட சட்டம் அது. தங்கச் சுரங்கத்தை இந்த வருஷம் மூடியே விட்டார்கள். தூசி மட்டும் ரிடையர் ஆகாமல் அவருக்குள் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ வந்துது?" என்று கேட்டபடி குழாயை எடுத்தாள்.

"நூத்தி நாப்பது. மூணு தபாவும் அதான்."

முள் நானூற்றுப் பத்தில் நின்றது.

அவரிடம் காட்டினாள். மாணிக்கராஜ் அதை வெகுநேரம் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயமாக இருந்தது.

"அதையே எழுதிக்கோ," என்றார்.

"இது நீங்க ஊதனது இல்லீங்களே?"

"எழுது சுந்தரி. ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன். நம்ம லைன் வூடுங்கள்ல இந்த நெஞ்சோட போனவன் எவன் நடந்து திரும்பி வந்தான்?"

அவளுக்கும் அதே பயம்தான். போன மாதம் எதிர் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து துணி சுற்றித்தான் இறக்கினார்கள். புருஷன் வேண்டும், இந்தக் கட்டிலிலேயே வேண்டும். வேறெதுவும் அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றவில்லை. நானூற்றுப் பத்து என்று எழுதினாள்.

அதன்பின் தினமும் இரண்டு வேளையும் அந்த நான்காவது ஊதல் வந்தது. நானூற்று முப்பது, நானூற்று அறுபது. அவருடையதோ நூற்றிருபது, நூறு, எண்பது என்று இறங்கியது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்தது. நடக்க முடியாத அவரை விட்டுவிட்டு அவள் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, நல்லா தேறிட்டார். அடுத்த மாசம் வாங்க போதும்." உண்மை வாய் வரை வந்தது. சொல்லாமல் பஸ் ஏறினாள்.

குழாயைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தாள். மாலையில் எடுத்தால் அதன் வாய் ஈரமாக இருந்தது. கதகதப்பாகவும் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நனைந்த பாறை, வெடிமருந்துப் புகை, வேர்வை. ஒரு காலத்தில் ஷிப்ட் முடிந்து வரும் புருஷனின் சட்டையில் அடித்த அதே வாடை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து கிளம்பிய காற்று, தகரக் கூரையின் மேல் மண்ணை வாரி இறைத்தது. கரண்ட் போயிற்று. மாணிக்கராஜ் ஊதினார். அறுபது. ஞானசுந்தரி நோட்டைத் தூக்கி எறிந்தாள்.

"நான் எழுதமாட்டேன். ஆட்டோ கூட்டியாறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம். இது இன்னா மூச்சோ, யாரு மூச்சோ!"

"யாருனு எனக்குத் தெரியும்," என்றார் அவர். "பாபு."

பாபு சுரங்கத்தில் அவரோடு ஜோடியாகப் பாறையில் துளை போட்டவன். பதினோரு வருஷத்துக்கு முன் கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் செத்துப்போனான். உடம்பு மேலே வரவில்லை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"பாறைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானு," என்றார் திணறித் திணறி. "நடுவுல காத்துக் குழாய் மட்டும் ஒடையல. அவன் அதுல வாய வெச்சி மூச்சு வுட்டுகினு இருந்தான். நான் காது வெச்சிக் கேட்டுகினே இருந்தேன். ரெண்டு நாளு. மூணாம் நாளு மறுபடியும் பாறை சடசடன்னுது. ஆபீசர் கேட்டாரு, மூச்சு இன்னும் கீதா, மாணிக்கம்னு. இல்ல சார்னு சொல்ட்டேன். வழிய மூடிட்டாங்க."

"இருந்துதா?"

"இருந்துது. நல்லா, நீளமா. எனக்கு உசுரோட மேல வந்துடணும்னு இருந்துது, சுந்தரி."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிரங்குப் பெட்டியின் மேலிருந்து ஊதல் கேட்டது. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஸ்டேஷன் பக்கம் வரை ஓடியும் ஒரே ஒரு ஆட்டோதான் இருந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றான் டிரைவர். திரும்பி வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. வாசலில் நின்று காது கொடுத்தாள்.

மூச்சுச் சத்தம். சீராக. நீளமாக.

இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறார் என்று நெஞ்சு குளிர்ந்தது. உள்ளே போய்ச் சிம்னி விளக்கை ஏற்றினாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாய் அவர் வாயில் இருந்தது. கண் திறந்திருந்தது. கண்மணியின் மேல் ஒரு ஈ நடந்தது. இமை அசையவில்லை.

நெஞ்சு மட்டும் ஏறியது. இறங்கியது.

முள் ஐந்நூறுக்குப் போனது. தானாகக் கீழே வந்தது. மறுபடி ஐந்நூறு.

"ஆண்டவரே!" என்று குழாயைப் பிடுங்கினாள்.

நெஞ்சு அமுங்கியது. அப்படியே நின்றது. தலை தோளில் சாய்ந்தது.

அவள் கையில் குழாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சூடாக. ஈரமாக.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். கறுத்த உதட்டைப் பார்த்தாள். ஐயோ, நீங்க எனக்கு வேணுமே என்று அழுதாள். அழுதுகொண்டே குழாயை அவர் வாயில் திரும்பவும் வைத்தாள்.

நெஞ்சு ஏறியது.

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். மறுபடி ஹாரன். அவள் விடவில்லை.

அவருடைய வலது கை எழுந்தது. கண் எதையும் பார்க்கவில்லை. கை மட்டும் தடவியது. அவள் முழங்கை. தோள். கழுத்து. இருட்டில் வழி தேடுகிற கை. கன்னம். மூக்கு.

அவள் வாயைக் கண்டுபிடித்ததும், அதைப் பொத்தி அங்கேயே நின்றது.