ஒட்டுப்போர்வையின் நீல மூலை

சலவைப்பெட்டி ஒவ்வொரு காலையிலும் அதே கேள்வியைத்தான் கேட்கும்: "தங்கட்டுமா, போகட்டுமா?" கிருபாகரன் தன் சட்டைகளுக்குப் பெரும்பாலும் 'போகட்டும்' என்பதையே அழுத்துவார். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்த நாளின் மூச்சை யார் வைத்துக்கொள்வார்கள்? மகள் தேன்மதி பரிசு வாங்கிய நாட்களில் மட்டும், அவளுடைய டீ-ஷர்ட்டைத் தானே வாங்கிப் பெட்டியில் போட்டு, 'தங்கட்டும்' என்று அழுத்துவார்.

திருப்பூர் ஆலைகள் உணரிழை பின்னத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பனியன் துணி, அணிந்தவரின் மூச்சையும் நெஞ்சுத்துடிப்பையும் சூட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். தங்கச் சொன்னால், அன்று அவர் எதை அதிகம் உணர்ந்தாரோ அந்தச் சில நிமிடங்கள் இழையில் நிற்கும். அதைத் திரையில் படிக்க முடியாது. முதலாளிகளும் வழக்கறிஞர்களும் படிக்கத் தொடங்கியபோது சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்னொரு உடம்பின் சூடு பட்டால் மட்டுமே இழை வாய் திறக்கும்.

அதனால் வந்ததுதான் ஒட்டுப்போர்வை. பிள்ளை வீட்டைவிட்டுத் தொலைவு போகிறபோது, தங்கிய டீ-ஷர்ட்டுகளைச் சதுரமாக வெட்டி ஒன்றாகத் தைத்து, புறப்படுவதற்கு முந்தைய நாள் கூடத்தில் விரிப்பார்கள். பெற்றவர் முதலில் படுக்க வேண்டும். பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக. எழுந்து வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு "நல்லா இருக்குதுங்க" என்பார்கள். அப்புறம் சாப்பாடு.

தேன்மதி நிலவின் தென்முனையில் இருக்கும் நீர்நிலையத்துக்கு ஆறு வருட ஒப்பந்தத்தில் போகிறாள். மறுநாள் விடியலில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு வண்டி. ஆறு வருடத்துக்கு அவள் நினைவாக மிஞ்சப்போவது இந்தப் போர்வைதான் என்று கிருபாகரன் பத்து நாட்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டுகளையும் அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாம் விரைவுக் கணக்குப் போட்டிகளின் டீ-ஷர்ட்டுகள். ஒரு மூலைக்கு மட்டும் துணி போதவில்லை. அவர் மனைவி ஹரிணி, மகளின் அலமாரிக்கு அடியில் கிடந்த எழுத்தில்லாத வெளிர்நீலச் சட்டை ஒன்றை வெட்டி அங்கே வைத்துத் தைத்திருந்தாள்.

கூடத்தில் கிருபாகரன் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, மாவட்டப் போட்டியின் துண்டை நெஞ்சுக்கு இழுத்தார். சூடு ஏறியதும் இழை துடித்தது. சின்னச் சின்னத் துடிப்பு, வேகமாக. வெற்றியின் படபடப்பு என்று சிரித்துக்கொண்டார். அடுத்த துண்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். பிறகு மாநிலப் போட்டியின் ஆரஞ்சுத் துண்டு வந்தது.

அதில் நெஞ்சு முதலில் சீராக இருந்தது. கோப்பையின் கனம் கையில் இருப்பது போன்ற ஒரு நிறைவு. திடீரென்று மூச்சு நின்றது. பிறகு அந்தத் துடிப்பு, சின்னச் சின்னதாக, வேகமாக.

அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் தாமதமாகப் போனார். மேடையில் தேன்மதி கோப்பையோடு நின்றிருந்தாள். அரங்கின் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததும் இன்னும் நன்றாகச் சிரித்தாள். அந்தப் படம்தான் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

அவள் மூச்சு நின்றது அந்தக் கதவு திறந்தபோதுதான். பிறகு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல, நீல மூலையை நெஞ்சுக்கு இழுத்தார். நீளமான மூச்சு. உள்ளே போய், இருந்து, அவசரமில்லாமல் வெளியே வந்தது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் மகள் இப்படி மூச்சுவிடுவாள் என்று அவருக்குத் தெரியாது.

கையசைத்து அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து மண்டியிட்டாள்.

"இது எப்பக் கண்ணு போட்டது?"

அவள் அந்தத் துண்டை அப்போதுதான் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்பங்கப்பா."

அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த வாரம்.

"தங்கட்டும்னு அமுக்குனது யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். "நாந்தானுங்க," என்றாள். கேட்டும் கேட்காத குரல். அவள் காது மடல் சிவந்து, கழுத்துவரை இறங்கியது. அவருக்குத் தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஹரிணியின் அண்ணன் பிரவீன் வரிசையில் அடுத்து நின்றார். "என்னுங்க மாப்ள, போர்வைக்குள்ளயே குடித்தனம் பண்றாப்பலயா? எங்களுக்கும் கொஞ்சம் உடுங்க," என்றார். கூடம் சிரித்தது.

எழுந்தால், பிரவீன் படுப்பார். பிறகு சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவரைப் பற்றியும் அவளைப் பற்றியும். உணரிழைக்குச் சூடு பட்டுப் பேசும் தெம்பு ஒரு மணிநேரத்துக்குத்தான். அதன்பிறகு ஒருநாள் வெயிலில் காய்ந்தால்தான் மீளும். கிருபாகரன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். ஒவ்வொரு துண்டாக நெஞ்சுக்கடியில் இழுத்து, மகளின் பயத்தை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டார். நீல மூலையை மட்டும் மடித்து வெளியே, குளிர்ந்த தரையில் ஒதுக்கிவைத்தார்.

பாதி நேரத்திலேயே வெளியே சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "புள்ள மேல எத்தனை பாசம் பாரு, எந்திரிக்கவே மனசு வரல," என்றாள் சித்தி. "இப்படி ஒரு அப்பன் யாருக்குங்க கெடைக்கும்," என்றது இன்னொரு குரல். போர்வைக்குள் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அந்த ஆரஞ்சுத் துண்டைவிட இதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

இழை அடங்கியபின் எழுந்தார். இனிப் படுத்துப் பயனில்லை என்று தெரிந்து எல்லோரும் வழிவிட்டு, மரியாதையோடு சாப்பிடப் போனார்கள். தேன்மதி மட்டும் நின்றாள், கையில் கத்தரிக்கோலோடு.

"அந்த மூலையப் பிரிச்சுரட்டுங்களாப்பா?"

"வேண்டாஞ் சாமி," என்றார். "அதுல ஒண்ணுலதான் நீ நல்லா மூச்சு உட்டிருக்கற."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விடியலில் வண்டி வந்தது, போனாள்.

வாரம் ஒருமுறை நிலவிலிருந்து அழைப்பு வரும். கிருபாகரன் கைபேசியை ஹரிணியிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மத்தியானங்களில், வெயிலில் காய்ந்த போர்வையை எடுத்துவந்து, நீல மூலை மட்டும் நெஞ்சில் படும்படி மடித்துப் போட்டுக்கொள்வார். நீளமான மூச்சு உள்ளே போகும், இருக்கும், வெளியே வரும். அவர் இல்லாதபோது அந்த வீடு எவ்வளவு நன்றாக இருந்தது என்பது, அந்தச் சில நிமிடங்களுக்கு அவருக்குத் தெரியும்.