இந்த மாதத் தலைப்பு: கூடு

மாதத்தின் முதல் நாள் காலை ஆறு மணிக்குத் தென்கரைப் பறவைப் படக் குழுவின் நூற்றறுபது பேரும் கைபேசியும் கையுமாகக் காத்திருப்பார்கள். போன மாதப் போட்டியில் ஜெயித்தவர்தான் இந்த மாதத் தலைப்பைச் சொல்ல வேண்டும். அது குழுவின் வழக்கம். 'நனைந்த சிறகு', 'முதுகு மட்டும்', 'ஒற்றைக்கால்' என்று ஆளாளுக்கு மண்டையைக் குடைந்து தலைப்பு வைப்பார்கள். இந்தத் தடவை ஜெயித்தவள் பிரம்மசக்தி. அவள் ஒரே சொல்லை அனுப்பினாள்: 'கூடு.' கீழே இடமும் நாளும் இருந்தன. அரியாங்குளம். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய மார்ச் இருபத்தெட்டு, காலை ஆறு முதல் ஒன்பது வரை.

பழைய தேதியில் படமெடுப்பது யாருக்கும் புதிதல்ல. இன்றைய தேதியில் எடுப்பதற்குக் காக்கையையும் மைனாவையும் விட்டால் என்ன இருக்கிறது? எல்லோரிடமும் பின்னோக்கி இருந்தது. உள்ளங்கை அகலக் கருவி. நிற்கிற இடத்திலேயே காலத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை போட்டு, கேட்ட நாளின் வெளிச்சத்தை இந்தப் பக்கம் இழுத்துக் காட்டும். வெளிச்சம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. இங்கிருந்து அந்தப் பக்கம் எதுவும் போகாது என்று கருவியோடு வந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தடித்த எழுத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அதிர்ச்சியெல்லாம் தலைப்பில்தான். கூட்டில் இருக்கும் பறவையைப் படமெடுக்கக் கூடாது என்பது குழு தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற விதி. ஆள் கிட்டே போய் உற்றுப் பார்த்தால் தாய்ப்பறவை மிரண்டு, முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போய்விடும். இதற்காக மூன்று பேரைக் குழுவிலிருந்தே நீக்கியிருக்கிறார்கள்.

குழுத் தலைவி ஜெசிந்தா ரோச் உடனே அழைத்தாள். "ஏட்டி சக்தி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? விதி என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"எப்பமோ செத்துப்போன பறவைய நாம என்னத்தக்கா தொந்தரவு பண்ணிரப் போறோம்?"

ஜெசிந்தா அந்தக் கேள்வியை அப்படியே குழுவில் போட்டாள். மதியத்துக்குள் ஓட்டெடுப்பு நடத்தி விதியைத் தளர்த்திவிட்டார்கள். உள்ளுக்குள் எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது என்பதுதான் உண்மை.

பிரம்மசக்தி அந்த நாளைச் சும்மா பிடித்துப் போடவில்லை. அன்று காலை எட்டே காலுக்கு மேல், அரியாங்குளத்தில் கூடு கட்டியிருந்த கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் மொத்தமாகக் கிளம்பிப் போயின. திரும்பவே இல்லை. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் வெயிலில் கிடந்து செத்தன. அன்று அங்கே வனத்துறைக் காவலராக இருந்தவர் அவளுடைய அப்பா சுயம்புலிங்கம். வேட்டைக்காரர்களோடு சேர்ந்து வெடி போட்டு விரட்டிவிட்டான் என்று எழுதி வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஊர் அவருக்கு 'வெடிக்காரன்' என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் இவளுக்கு 'வெடிக்காரன் மவ'. அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது, இதயம் பாதி வேலைதான் செய்கிறது. அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டும். நூற்றறுபது பேர் மரத்துக்கு மரம் நின்று பார்த்தால் உண்மையில் விரட்டியவன் யாராவது ஒருவர் படத்திலாவது சிக்காமலா போவான் என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஞாயிறு காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். குளம் வறண்டு கட்டாந்தரையாகக் கிடந்தது. பட்டுப்போன கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறி நின்றார்கள். துளை வழியாக வருவது மங்கல் வெளிச்சம் என்பதால் கூட்டுக்கு நாலு முழத்துக்குள் போனால்தான் படம் தேறும். ஆறு மணிக்குத் துளைகளைத் திறந்தார்கள். கருவிக்குள் தண்ணீர் தளும்பியது. பச்சை மரங்களில் கொத்துக்கொத்தாகப் பறவைகள். சிலர் அழுதேவிட்டார்கள்.

பிரம்மசக்தி பறவையைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டம் தெரிகிறதா என்று தேடினாள். மணி ஏழானது, எட்டானது. யாரும் வரவில்லை.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, கரைமேல் நின்று மொத்தக் குளத்தையும் எடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா கத்தினாள். "எல்லாரும் மூடுங்க. துளைய மூடுங்க, உடனே."

மூடிவிட்டு ஓடினார்கள். ஜெசிந்தா தன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அதில் அவர்கள் படமெடுத்த ஒவ்வொரு கூட்டுக்கு எதிரிலும் வெறும் காற்றில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, கடுகு அளவுக்கு. இன்று ஆள் நின்ற இடத்திலெல்லாம் அன்று ஒரு புள்ளி. வெளிச்சத்தை இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் அந்த இடம் இருட்டாகத்தானே இருக்கும். மனிதர் கண்ணுக்குத் தப்பினாலும் பறவைக் கண்ணுக்குத் தப்புமா? அப்புறம்தான் அவரவர் தங்கள் படங்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பறவைகூட இரையைப் பார்க்கவில்லை, குஞ்சைப் பார்க்கவில்லை. அத்தனையும் கழுத்தை நீட்டி நேராக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் ஒண்ணும் கிளம்பலயே. எல்லாம் கூட்டுலதான இருக்கு. நாம மூடிட்டோம்லா?" என்றாள் பிரம்மசக்தி.

ஜெசிந்தா வறண்ட குளத்தைக் கையால் காட்டினாள்.

அன்று மாலையே ஜெசிந்தா போட்டியை ரத்து செய்துவிட்டு, பிரம்மசக்தியின் வீட்டுக்கு வந்தாள். சுயம்புலிங்கம் கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான். இதத்தான் அன்னைக்கு விசாரணையில சொன்னேன். ஆளு இல்ல சார், கண்ணு மட்டும் இருந்துச்சுன்னேன். குடிச்சிட்டு உளறுதான்னு எழுதிட்டாவ."

"அண்ணாச்சி, நாங்க எட்டு பத்துக்கே மூடிட்டோமே. பிறகு எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"மூடினது எனக்கும் தெரிஞ்சுது. எல்லாம் ஒண்ணா மறைஞ்சுது. பறவை அடங்கி உக்காந்துட்டு. அப்பாடான்னு இருந்துச்சு. பத்து நிமிசம் இருக்கும். ஒண்ணே ஒண்ணு திரும்ப வந்துச்சு. பெரிய மரத்துக்குக் கீழ, தண்ணிக்குள்ள நின்ன என் மூஞ்சிக்கு நேரா. ரெண்டு மணி நேரமா மிரண்டு கிடந்த பறவை, அதோட அத்தனையும் கிளம்பிட்டு."

தங்களில் யாரோ ஒருவர் இன்னும் ஒரு துளை திறக்கப்போகிறார் என்பது ஜெசிந்தாவுக்கு உறைத்தது. மறுநாளே நூற்றறுபது பின்னோக்கிகளையும் கொண்டுவரச் சொல்லி, தன் கண் முன்னால் உடைக்க வைத்தாள். பிரம்மசக்தி கொண்டுபோய்க் கொடுத்தது அலமாரியில் கிடந்த பழையது.

அவள் வனத்துறை அலுவலகத்துக்கு எல்லாப் படங்களையும் அனுப்பியிருந்தாள். பத்து நாளில் பதில் வந்தது. புள்ளிகளை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது, பறவைகள் கிளம்பிய நேரத்தில் காவலர் கையில் வெடி இல்லை என்பதற்குச் சான்று தேவை. அதே வாரம் அப்பாவுக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. "எப்போ வேணா நடக்கலாம்மா," என்றார் மருத்துவர்.

பிரம்மசக்தி மறுநாள் முற்பகலில் தனியாகக் குளத்துக்குப் போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நடந்தது நடந்ததுதானே, நான் திறக்காவிட்டால் இன்னொருத்தி திறந்திருப்பாள் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி யார்? குழுவில் இப்போது கருவி வைத்திருக்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் திறக்காமலே திரும்பிவிட்டால் இந்தக் குளத்தில் இன்றைக்குப் பறவை இருந்திருக்குமோ என்று தோன்றியபோது பாதி வழியில் நின்றாள். அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பெரிய மரத்தடியில், ஆள் உயரத்துக்குக் கருவியைப் பிடித்து, அந்த நாளின் காலை எட்டு பத்தொன்பதுக்குத் துளையைத் திறந்தாள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். முப்பத்தொன்பது வயது. இடுப்பளவு தண்ணீரில், அவளை நேருக்கு நேர் பார்த்தபடி. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டிருந்தார். அவர் ஏதோ பேசினார், கருவியில் உதடு மட்டும் அசைந்தது. அவள் படத்தை எடுத்தாள். அவர் தலைக்கு மேலே முதல் நாரை சிறகை விரித்தது, அதற்குப் பின்னால் வானம் மறைகிற அளவுக்கு எல்லாமே எழுந்தன.

கும்பிட்ட கையில் வெடி எப்படி இருக்கும்? பதினேழு நாளில் உத்தரவு வந்துவிட்டது. 'சுயம்புலிங்கம் குற்றமற்றவர்.' ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, பெரிய மனிதர்கள்போல வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அப்பா படத்தைக் கேட்டு வாங்கினார்.

"நல்லா விழுந்திருக்கு. வாய் தொறந்திருக்கேன் பாத்தியா? என்ன சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியாதுப்பா. சத்தம் வராது."

"நீ யாரா இருந்தாலும் சரி, உன்னக் கும்பிட்டுக் கேக்கேன், போயிருன்னேன். எம் மவ சின்னப் புள்ள, அவளுக்கு ஆக்கிப்போட எனக்கு இந்த வேலைய விட்டா வேற கிடையாதுன்னேன்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "கேக்கல. அப்படியே பாத்துக்கிட்டே இருந்துச்சு. இத எடுத்தது யாருட்டி?"

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"நாந்தாம்பா."

சுயம்புலிங்கம் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்க முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிப் பாக்காத தாயி," என்று சொல்லிவிட்டு, அவர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.