கை வைத்தால் நிற்கும் ஜெனரேட்டர்

ராணுவ ஏலத்தில் எடுத்த அந்தப் பச்சை ஜெனரேட்டர், நண்பகல் வெயிலில் பட்டறைக்குள் இறக்கப்பட்டது. மெக்கானிக் அதனை ஒருமுறை சுற்றி வந்தார். பழைய டீசல் வாடையோடு, கருகிய முடியின் நாற்றமும் அதிலிருந்து மெல்லக் கசிந்தது.

“எலி ஏதாவது செத்திருக்கும் மாப்ளே,” என்றார் அவருடைய மச்சான், அக்காவின் கணவர். வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. பழுது பார்ப்பது மெக்கானிக்கின் பொறுப்பு.

குறை ஒன்றுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென நின்றுவிடும். மெக்கானிக் டீசல் வடிகட்டியை மாற்றினார். ஆயில் அழுத்தத்தை அளந்தார். ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எதிலும் பழுதில்லை. மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தார். கம்பிக் கவசம் கழற்றிய, இயந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியின் அருகே தம் கை செல்லும்போது மட்டுமே அது நின்றது.

விளக்குமாற்றுக் கட்டையை நீட்டினார். ஓடியது.

விரலை நீட்டினார்.

நின்றது.

அந்த நிசப்தத்தில், இரும்புக் கூட்டின் இருளுக்குள்ளே, மிக அருகில், ஒரு மூச்சு.

“கைய எடு.”

ஏலத்தில் இயந்திரத்தோடு வந்த கோப்பை எடுத்துப் புரட்டினார். கடைசித் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. தேடியபோது, அது மச்சானின் மேசை இழுப்பறையில், நான்காக மடிந்து கிடந்தது.

‘பழுது பார்த்த வீரர் விசிறியில் சிக்கி இறந்தார். அவர் உள்ளே இருப்பதை அறிந்தே, உடனிருந்த நண்பர் இயந்திரத்தை இயக்கினார்.’

“முன்னாடியே தெரியுமா மச்சான்?”

“சொல்லியிருந்தா நீ தொட்டிருப்பியா? விடுடா, அக்கா காதுல போட்டுடாத.”

மூன்று நாட்களும் மச்சான் அருகில் நின்று வேடிக்கை பார்த்தது மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தது. ஒருமுறைகூட அவர் ‘பாத்து’ என்று சொன்னதில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு, வாங்குவதற்காக ஓர் ஆலை முதலாளி வந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் சார் ராணுவத் தரம். கை கிட்ட போனாலே தானா நின்னுடும். மாப்ளே, கைய விட்டுக் காட்டு.”

மெக்கானிக் அசையவில்லை. “உங்க கைய விடுங்க மச்சான்.”

“பொறந்ததுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி சார் இவன்,” என்று சிரித்தபடி மச்சான் கையை உள்ளே விட்டார்.

இயந்திரம் நிற்கவில்லை.

இரைச்சல் உயர்ந்தது. மச்சானின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருக்க, கண்கள் மட்டும் மாறின.

“மாப்ளே... உள்ள யாரோ... புடிச்சி இழுக்கறாங்கடா...”

ஒரு நொடி மெக்கானிக் சும்மா நின்றார். அந்த ஒரு நொடியைப் பற்றி அவர் பின்னாளில் எவரிடமும் சொன்னதில்லை. பிறகு பாய்ந்து, மச்சானின் இடுப்பைப் பற்றித் தம் பலமெல்லாம் கூட்டி இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தனர். சட்டைக் கை மட்டும் இறக்கைகளில் சிக்கி நார்நாராகக் கிழிந்தது.

முதலாளி காரை நோக்கி ஓடினார். முழுதாக மீண்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மச்சானும் திரும்பிப் பாராமல் அவர் பின்னால் ஓடினார்.

இயந்திரம் தானாக நின்றது.

தரையில் தனியே கிடந்த மெக்கானிக்கின் காதருகே, மீண்டும் அந்த மூச்சு. இம்முறை அதில் எச்சரிக்கை இல்லை; நம்பிய ஒருவனால் கைவிடப்பட்டவனின் தழுதழுப்பு மட்டுமே இருந்தது.

“அவன ஏன் இழுத்தே?”