ஸ்டியரிங்கில் தங்கிய காற்று

மழை பொய்த்த இரண்டாவது வருஷம், அறுபத்தெட்டு. அருப்புக்கோட்டை மெக்கானிக் வீரபத்திரன் பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்தி வியாபாரி அருஞ்சுனை பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். உள்ளே, வாசலைப் பார்த்தபடி அந்த அமெரிக்கக் கார் நின்றது. போன மாதம், சுற்றுவட்டாரத்தில் வற்றாமலிருந்த ஒரே கிணற்றுக்குள் பாய்ந்த கார். அருஞ்சுனை நீந்தி மேலே வந்துவிட்டார். டிரைவர் பால்பாண்டி வரவில்லை.

"பவர் ஸ்டியரிங்கு அனத்துது. உள்ள காத்து ஏறியிருக்கும். அத எடுத்துட்டுக் கெளம்பு," என்றார் அருஞ்சுனை.

"வண்டி எப்பிடி மொதலாளி கெணத்துல எறங்குச்சு?"

"கத கேக்கவா ஒன்னக் கூப்புட்டேன்?"

வீரபத்திரன் முன்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டை கொடுத்தான். பானெட்டைத் திறந்து, பம்பின் மேலிருந்த குப்பியில் எண்ணெய் ஊற்றினான். இஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பத் திருப்ப, காற்று குமிழாய் வெளியேறும். திருப்ப வேறு ஆளில்லை. முணுமுணுத்துக்கொண்டே அருஞ்சுனை டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எடது... வலது..." குப்பியைப் பார்த்தபடி வீரபத்திரன் சொன்னான்.

வழக்கமாய்ப் பத்துத் தடவையில் அடங்கிவிடும். நாற்பதாகியும் குமிழ் அடங்கவில்லை. பெரிதாய் ஒன்று வரும். சற்று நிற்கும். பிறகு பொடிப்பொடியாய், அவசரமாய்.

தண்ணீருக்கடியில் ஒருவன் மூச்சு விடுவது போல.

எண்ணெய் வாடையோடு பாசி வாடையும் எழுந்தது.

"போதும் மொதலாளி. திருப்பாதீக."

"நான் திருப்பலப்பா." அருஞ்சுனை உள்ளிருந்தே கத்தினார். "கைய எடுத்து நேரமாச்சு."

சக்கரங்கள் திரும்பிக்கொண்டேயிருந்தன.

வீரபத்திரன் ஓடிப்போய்க் கதவை இழுத்தான். அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அருஞ்சுனை காலை உதறிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கெணத்துக்குள்ள பால்பாண்டி என் காலப் புடிச்சான். ஒதச்சுட்டுத்தான் மேல வந்தேன்." உதடு வெளுத்துப்போயிருந்தது. "இப்பவும் புடிச்சிருக்கான்."

ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை நொறுக்கி, அவரைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்தான். வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கொட்டியது. தரையில் கிடத்தியபோது மூச்சில்லை.

சீட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

குப்பியில் எண்ணெய் தெளிந்து கிடந்தது. குமிழே இல்லை.

ஆள் கூப்பிட வாசலுக்கு ஓடியவன், ஏனோ திரும்பிப் பார்த்தான். அந்தரத்தில் நின்ற முன்சக்கரங்கள் அவனை நோக்கியிருந்தன.

வீரபத்திரன் மெல்லப் பக்கவாட்டில் ஓரடி விலகி நின்றான்.

சக்கரங்களும் அவன் பக்கம் திரும்பின.