போய்ட்டு வரேன்

கார்குழலி குழிக்குள் குனிந்து, "நா போறேன்" என்றாள்.

அவள் அம்மா செங்கொடிக்குச் சுருக்கென்றது. அதென்ன குழி, இவள் யாரிடம் சொல்கிறாள் என்றெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. மகளின் பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எத்தினி தபா சொல்லிக்கீறேன்? போறேன்னு சொல்லாத. போய்ட்டு வரேன்னு சொல்லுடி!"

அந்த ஒரு சொல் அவளுக்கு ஆகவே ஆகாது. அண்ணன் வேதமாணிக்கம் ஒருநாள் காலையில் வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டு ஹார்பருக்குப் போனான். சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யார் வாயிலும் அது வரக் கூடாது.

ஏழு வயசுப் பிள்ளை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, குழியைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றாள்.

"வா" என்றது குழி.

எதிரொலி என்றுதான் செங்கொடி நினைத்தாள். இடிந்த கோட்டை, நாலு பக்கமும் கருங்கல், எதிரொலிக்காமல் என்ன செய்யும்? எதிரொலி என்றால் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லும் என்பது அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை.

அவள் புருஷன் பீம்ராவ் திருவொற்றியூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். இரண்டு நாள் லீவு கிடைத்ததும் வண்டியைக் கேட்டு வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை, ஸ்டவ்வு, தண்ணீர்க் குடம், கொசுவலை எல்லாம் ஏற்றினான். "வூட்டயே உருட்டிகினு போறோம், பாத்துக்கோ" என்று வியாசர்பாடி முழுக்கப் பீற்றல் வேறு. எண்ணூர் தாண்டி முதலில் கோட்டை. பிறகு ஆற்றங்கரையில் சோறாக்கி, வண்டியிலேயே படுக்கை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் குடும்பமாக வெளியே கிளம்பியது இதுதான் முதல்முறை.

ஆற்றங்கரையில் உப்புக்காற்றும் சேற்று நாற்றமும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. பீம்ராவ் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டே சொன்னான்.

"கோட்ட வாசல்ல பலகை இருந்துச்சே, படிச்சியா? அந்தக் குழி சமாதியாம்மே. வெள்ளக்காரன் புள்ளைங்கள பொதைச்ச எடமாம்."

சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த செங்கொடியின் கை அப்படியே நின்றது.

சாவு வீட்டில் யாராவது "போய்ட்டு வரேன்" என்பார்களா? எழுந்து, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள். அங்கே நின்று "வரேன்" என்றால் என்ன அர்த்தம்? பிள்ளை சரியாகத்தான் சொன்னது. அடித்து மாற்றிச் சொல்லவைத்தவள் பெற்ற தாய். அடிப்பாவி!

"குயலி, அங்க யார்கிட்டடி பேசிகினு இருந்த?"

"உள்ள ஒரு பாப்பா கீது. எப்ப வருவன்னு கேட்டுகினே இருந்துச்சு. வரமாட்டேன், போறேன்னு சொன்னேன். நீதான் அடிச்ச."

"அப்பால?"

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுன்னுச்சு."

சூரியன் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், வண்டிய எடு. வூட்டுக்குப் போலாம்."

"பேஜாரு பண்ணாதமே. பேயாவது பிசாசாவது! சோறு வெந்துகினு கீது."

செங்கொடி எரிகிற ஸ்டவ்வை எட்டி உதைத்தாள். சோறு மண்ணில் கொட்டியது. பீம்ராவ் அவள் முகத்தைப் பார்த்தான். சாவியை எடுத்தான்.

வண்டிக்குள் மெத்தையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துப்போட்டாள். முந்தானை நுனியைப் பிள்ளையின் மணிக்கட்டில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். கதவைத் தாழிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. பிள்ளையின் பின்மண்டையைத் தடவித் தடவிக் கொடுத்தாள். அடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

திரும்ப ஒரே ரோடுதான். கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். இடிந்த மதில் ஜன்னலோரம் நீளமாக வந்துகொண்டே இருந்தது. குழலி தூங்கிப்போயிருந்தாள். மூச்சு சீராக வந்தது. இன்னும் கொஞ்ச தூரம். மதில் முடியப்போகிறது.

அக்கரையில் அனல்மின் நிலையத்து விளக்குகள் மொத்தமாக எரியத் தொடங்கின.

முந்தானை ஒருமுறை இழுபட்டது. வெடுக்கென்று. அவ்வளவுதான்.

குனிந்து பார்த்தாள். பிள்ளை மடியில்தான் இருந்தது. அதே பாவாடை. அதே ரெட்டை ஜடை. பின்மண்டையைத் தொட்டாள். சூடு இல்லை. கல் மாதிரி ஜில்லென்றிருந்தது.

பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கம், தேம்பித் தேம்பி ஒரு குரல். பெற்றவளுக்குத் தெரியாதா?

"அம்மா... நா போறேம்மா..."

"நிறுத்துய்யா!" என்று கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. வண்டி ஓடியது. பீம்ராவ் முன்னால் ஏதோ பாட்டு முணுமுணுத்தான்.

மடியில் இருந்தது கண்ணைத் திறந்து, அவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது.

"வந்துட்டேம்மா."

செங்கொடி முந்தானையை இழுத்தாள். பிடுங்கினாள். பல்லால் கடித்தாள். அவள் போட்ட முடிச்சு. அவிழவே இல்லை.